கோவாக் கல்லும் அதன் தங்கச் சிமிழும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு தங்கச் சிமிழ் இருக்கிறது. முட்டை வடிவம், மேலெல்லாம் துளை வேலை, உட்கார வைக்கக் கால் வைத்த தாங்கி. உயரம் ஒரு சாண்கூட இராது. உள்ளே பார்த்தால் ஒரு மருந்து உருண்டை, அதன் பெயர்தான் கோவாக் கல். இதன் படத்தை யாருக்குக் காட்டினாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கோவாக் கல் என்பது கோவாவில் தோண்டி எடுத்த கல்லா?

இல்லை. அது கல்லே இல்லை, கையால் பிசைந்து உருட்டிய மருந்து. 17ஆம் நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில், இயேசு சபைத் துறவிகளின் மருந்தகத்தில் செய்தார்கள். களிமண், வண்டல், பொடித்த சிப்பி, பிசின், அம்பர், கஸ்தூரி, முத்து, பவழம், மாணிக்கம், மரகதம், புஷ்பராகம் என்று சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளும். ‘ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு’ என்ற பெயரில் நார்வால் என்னும் கடல்விலங்கின் தந்தத்தையும் பொடித்துப் போட்டார்கள். எல்லாவற்றையும் குழைத்து உருட்டி, காயவைத்து, மேலே தங்க ரேக் ஒட்டினால் கோவாக் கல் தயார்.

முத்தையும் பவழத்தையும் மருந்தில் போடுவதா என்று நமக்கு வியப்பு வரக் கூடாது. சித்த மருத்துவக் கடையில் முத்துப் பற்பமும் பவழப் பற்பமும் இன்றைக்கும் கிடைக்கின்றன.

பெசோவார் என்று ஒன்று சொல்கிறார்களே, அது வேறா?

வேறு. ஆனால் அதைப் பார்த்துச் செய்ததுதான் இது. பெசோவார் என்பது அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உருவாகும் கட்டி. விழுங்கிய மயிர், விதை, நார் என்று ஏதாவது ஒன்று வயிற்றில் தங்கிவிட, அதைச் சுற்றி உப்புகள் படலம் படலமாகப் படிந்து இறுகும். வெட்டிப் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும். பாரசீகத்துக் காட்டு ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததற்கு மவுசு அதிகம். அந்த ஆட்டுக்கே ‘பெசோவார் ஆடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சொல்லின் மூலம் பாரசீக மொழியின் ‘பாத்ஸஹர்’. ஸஹர் என்றால் நஞ்சு, முழுச் சொல்லுக்கும் நஞ்சுமுறி என்று பொருள். அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பொருளும் அதே வழியில்தான் போனது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்தில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஸுஹ்ர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்புறம் மன்னர்கள் பிடித்துக்கொண்டார்கள். யார் எப்போது சோற்றில் விஷம் வைப்பார்களோ என்று பயந்து வாழ்ந்தவர்களுக்கு இது கையிருப்புத் தைரியம்.

உண்மையான கல் இருக்கும்போது செயற்கையாக ஏன் செய்ய வேண்டும்?

எல்லா ஆட்டு வயிற்றிலும் கல் இருந்துவிடாதே. கேட்பவர்கள் அதிகம், வரத்து குறைவு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, கோல்கொண்டா நாட்டின் ஒரு பகுதியிலிருந்து பெசோவார் வருவதாக எழுதினார். தென் அமெரிக்காவில் லாமா இனத்து விலங்குகளின் வயிற்றிலும் தேடினார்கள். மலாக்காப் பக்கம் முள்ளம்பன்றிக் கல்லுக்கு இதைவிடக் கிராக்கி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம்மவர்களுக்கு அது புதிதாக இராது, முள்ளம்பன்றிக் கல் விற்பனை இன்னும் ஓயவில்லை.

இந்த நிலையில், எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், பெசோவாரையும் கொஞ்சம் உள்ளே போட்டிருக்கிறோம், கூடவே இருபது சரக்கு சேர்த்திருக்கிறோம் என்று ஒருவர் வந்தால் விற்காமல் என்ன செய்யும்?

அந்த ஒருவர் யார்?

காஸ்பர் அந்தோனியோ. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்காரர். குருப்பட்டம் பெறாத துணைச் சகோதரராக இயேசு சபையில் இருந்தவர். ஜான் பிரையர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1670களில் கோவாவுக்குப் போனபோது இவரைப் பற்றிக் குறித்துவைத்தார். புனித ரோக் மடத்தில் நூலகம், மருத்துவமனை, சரக்கு நிறைந்த மருந்துக்கடை எல்லாம் இருந்தனவாம். கோவாக் கல்லைக் கண்டுபிடித்த காஸ்பர் அந்தோனியோ அங்கேதான் இருந்தார், வயதாகிக் கண் ஏறக்குறைய தெரியாத நிலையில். அவருடைய கண்டுபிடிப்பால் சபைக்கு ஆண்டுக்கு 50,000 செராபின் வருமானம் என்கிறார் பிரையர். செராபின் என்பது கோவாவின் வெள்ளி நாணயம்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கல்லைக் கண்டுபிடித்தவரின் பெயரே அதன் வணிகப் பெயராகவும் ஆனது. ‘பெத்ரா தெ காஸ்பர் அந்தோனியோ’, அதாவது காஸ்பர் அந்தோனியோவின் கல் என்று கேட்டு வாங்கினார்கள். நம் ஊரில் லேகியத்தை வைத்தியர் பெயர் சொல்லி வாங்குவது போல.

எப்படிச் சாப்பிட்டார்கள்? முழுங்கினார்களா?

சுரண்டி. கத்தியால் கொஞ்சம் பொடி எடுத்து, தண்ணீரிலோ தேநீரிலோ வேறு பானத்திலோ கலந்து குடித்தார்கள். எங்கள் வீட்டில் உரை மருந்து டப்பா ஒன்று இருந்தது. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. குழந்தையைக் குளிப்பாட்டியதும் பாட்டி ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவாள். ஒரே ஜாதிக்காய் மூன்று பேரக்குழந்தைகளுக்கு வந்தது. கோவாக் கல்லும் அப்படித்தான், ஒரு உருண்டை ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் வரும். தேயத் தேய மேலே இருக்கும் தங்க ரேக் போய் உள்ளே இருக்கும் பழுப்பு தெரியும்.

நஞ்சு, காய்ச்சல், கொள்ளைநோய், இதயப் படபடப்பு, மனச்சோர்வு என்று கேட்டதற்கெல்லாம் கொடுத்தார்கள்.

சிமிழை எப்படிச் செய்தார்கள்?

இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று கம்பி வேலை: தங்கத்தை மெல்லிய கம்பியாக இழுத்து, முறுக்கி, சுருளும் கொடியுமாக வளைத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது. லண்டனில் ஹென்றி வெல்கம் சேர்த்த மருத்துவப் பொருள்களில் இந்த வகைச் சிமிழோடு கூடிய கோவாக் கல் உண்டு. இன்னொன்று தகட்டு வேலை: தகட்டைப் பின்னாலிருந்து தட்டிப் புடைக்க வைத்து, வேண்டாத இடத்தைத் துளைத்து எடுத்து, முன்னாலிருந்து செதுக்கி முடிப்பது.

நியூயார்க் சிமிழ் இந்த இரண்டாவது ரகம். இரண்டு அரைக்கோளங்கள். ஒவ்வொன்றின் மேலும் துளைத்துச் செதுக்கிய தங்க இலைக்கொடிப் போர்வை. கொடிகளின் மேல் கூர்முனை வளைவுகளால் ஆன வலைப்பின்னல். இந்தப் பின்னல் முகலாய, தக்காண நாட்டுத் துணிகளிலும் சுவர்களிலும் கண்ட வடிவம். பின்னலின் கட்டங்களுக்குள் எட்டிப் பார்த்தால் விலங்குகள் நிற்கின்றன. கழுகுத்தலைச் சிங்கம் இருக்கிறது, ஒற்றைக்கொம்புக் குதிரை இருக்கிறது. இரண்டும் ஐரோப்பியக் கதை விலங்குகள். காலும் உச்சிக் குமிழும் தனியே வார்த்துச் சேர்த்தவை.

ஒற்றைக்கொம்பு சும்மா அழகுக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தக் கொம்பும் நஞ்சை முறிக்கும் என்று நம்பினார்கள், உள்ளே இருக்கும் உருண்டையின் சரக்குப் பட்டியலிலும் அது இருக்கிறது. இன்றைய மருந்துப் பெட்டியின் மேல் துளசி இலையும் இஞ்சியும் அச்சடிப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலை.

செய்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. சிமிழ் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செய்யப்பட்டது என்று மட்டும் கணிக்கிறார்கள். உருண்டையைப் பிசைந்தவர் பெயர் கடல் கடந்து போனது. தங்கத்தில் கை வைத்தவர் பெயர் பட்டறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு மருந்து உருண்டைக்குத் தங்கத்தில் சிமிழ் எதற்கு? கல் அவ்வளவு விலையா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெசோவார் எடைக்குப் பத்து மடங்கு தங்கம் பெறும் என்று ஒரு வரி எங்கே போனாலும் கண்ணில் படும். அரிய பெசோவாருக்கு ஐரோப்பாவில் பெரும் பணம் கொடுத்ததும் உண்மைதான். ஆனால் கோவாக் கல்லின் கதை வேறு.

சார்லஸ் லாக்யர் என்ற ஆங்கிலேய வணிகர் 1711இல் எழுதியதைப் பாருங்கள். கோவாக் கற்கள் கால் அவுன்சிலிருந்து 8 அவுன்ஸ் வரை இருக்கும். பெரிதோ சிறிதோ, விலை விகிதம் ஒன்றுதான். நாங்கள் 11 அவுன்சை 20 ரூபாய்க்கு வாங்கினோம் என்கிறார். சரி, கணக்குப் போடுவோம். அன்றைய ரூபாய் சுமார் பதினொன்றரை கிராம் வெள்ளி. 20 ரூபாய் என்றால் ஏறக்குறைய 230 கிராம் வெள்ளி. 11 அவுன்ஸ் கல்லோ 300 கிராமுக்கு மேல். எடைக்கு எடை தங்கம் இல்லை, வெள்ளிகூட இல்லை!

அப்படியானால் உள்ளே இருக்கும் மருந்தைவிட வெளியே இருக்கும் சிமிழ் பல மடங்கு விலை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நான் சிமிழைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. விலை உயர்ந்த பொருளைப் பத்திரப்படுத்தத் தங்கம் என்பதல்ல. ரேக்கை உரித்துவிட்டால் இந்த உருண்டை வெறும் மண்ணாங்கட்டி மாதிரிதான் இருக்கும். அதைத் திறந்து ஒரு பிரபுவிடம் நீட்டி, இது உங்கள் உயிரைக் காக்கும் என்று சொல்ல வேண்டும். பேச்சில் பாதியைச் சிமிழே பேசிவிடும். நம்மூர்ப் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த சொல்தானே ‘பொடி வைத்துப் பேசுவது’.

இன்னொரு காரணமும் இருக்கலாம், என் ஊகம்தான். உருண்டையில் கஸ்தூரியும் அம்பரும் இருக்கின்றன. கம்பி வேலைச் சிமிழின் இடைவெளி வழியாக வாசம் வெளியே வரும், உள்ளே இருக்கும் தங்க ரேக்கும் மினுங்கும். மூடியபடியே காட்டலாம்.

போலிகள் இருந்தனவா?

போலிக்கே போலி வந்தது என்று சொல்லலாம். கோவாக் கல்லைப் போலச் செய்து விற்கிறார்கள், ஆனால் அசலைப் பார்த்தவருக்குக் கண்டுபிடிப்பது எளிது என்று அதே லாக்யர் எழுதியிருக்கிறார்.

பெசோவாரைச் சோதிக்கப் பல வழிகள் சொல்லிக்கொண்டார்கள். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பது ஒன்று. வாயில் போட்டால் அசல் கல் துள்ளி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது தவேர்னியே தரும் சோதனை. செய்து பார்க்க எனக்கு ஆசை இல்லை.

போலிப் பெசோவார் ஒன்று சட்டத்திலேயே இடம்பிடித்துவிட்டது. லண்டனில் சாண்டலர் என்ற பொற்கொல்லர், பெசோவார் என்று சொல்லி ஒரு கல்லை லோபஸ் என்பவருக்கு 100 பவுனுக்கு விற்றார். அது பெசோவார் இல்லை என்று தெரிந்து லோபஸ் வழக்குப் போட்டார். 1603இல் தீர்ப்பு விற்றவர் பக்கம் போனது. ‘இது பெசோவார்’ என்று சொன்னாரே தவிர, ‘உத்தரவாதம் தருகிறேன்’ என்று சொல்லவில்லையாம். வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கைக்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைச் சொல்வார்கள். இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு படித்தவர்களுக்கு இந்தக் கொள்கை பழக்கமானதே.

விற்றவர் பொற்கொல்லர் என்பதைக் கவனியுங்கள். கல்லும் தங்கமும் ஒரே கடையில் கைமாறியிருக்கின்றன.

மருந்து வேலை செய்ததா?

சர்வரோக நிவாரணியாக, இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் ஒருவர் சோதித்துவிட்டார். மன்னர் ஒன்பதாம் சார்லஸிடம் ஒரு பெசோவார் இருந்தது. எல்லா நஞ்சையும் முறிக்கும் ஒரே பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை என்றார் அரசவை அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரே. இரண்டு வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத்தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனிடம் பேரம் பேசினார்கள்: நஞ்சைக் குடி, உடனே இந்தக் கல்லைத் தருகிறோம், பிழைத்தால் விடுதலை. அவன் ஒப்புக்கொண்டான். சில மணி நேரம் துடித்துச் செத்தான், தூக்கில் போயிருக்கலாமே என்று கதறியபடி. மன்னர் கல்லை நெருப்பில் போடச் சொன்னார்.

படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும் சோதனை இது. அதிலும், இவ்வளவு நடந்த பிறகும் பெசோவார் வியாபாரம் இன்னும் இருநூறு ஆண்டு ஜோராக நடந்ததுதான் வேடிக்கை.

ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். பெசோவார் முழுக்க வெற்று என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு சாத்தியத்தை எடுத்துச் சொன்னார்கள். கல்லில் உள்ள பாஸ்பேட்டும், உள்ளே சிக்கிய மயிரின் கந்தகமும் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளக் கூடும் என்பது அது. ஆர்சனிக் கலந்த பானத்தில் கல்லைப் போட்டு வைத்தால் கொஞ்சம் நஞ்சு குறையலாம். அந்தக் காலத்து அரண்மனைகளில் அதிகம் புழங்கிய நஞ்சும் ஆர்சனிக்தான். பாரேயின் சமையற்காரன் குடித்தது வேறு, பாதரச நஞ்சு. இது பெசோவாருக்கு மட்டும். களிமண்ணில் பிசைந்த கோவாக் கல்லுக்கு இந்தச் சலுகையை நீட்ட மாட்டேன்.

கோரோசனை இதுதானா?

பங்காளி என்று சொல்லலாம். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல், பெசோவார் வயிற்றில் உருவாவது. இரண்டையும் விலங்கின் உள்ளிருந்து எடுத்து, இழைத்துச் சிறிதளவே கொடுப்பது ஒற்றுமை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதைப் படித்துவிட்டு எதையும் இழைக்க வேண்டாம், குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

சென்னைக்கும் கோவாக் கல்லுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, எதிர்பாராத இடத்திலிருந்து. நிக்கோலோ மனுச்சி என்ற வெனிஸ்காரரை முகலாய வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். பையனாக இந்தியா வந்து, பீரங்கிப் படையில் இருந்து, பிறகு முறையாகப் படிக்காமலே மருத்துவராகி, லாகூரில் வைத்தியம் பார்த்து, இளவரசர் ஷா ஆலத்தின் வீட்டிலும் பணிசெய்தவர். 1686இல் சென்னைப்பட்டினம் வந்து, இங்கேயே ஒரு கைம்பெண்ணை மணந்து தங்கிவிட்டார். சும்மா இருக்கவில்லை, இங்கும் மருந்து செய்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் கிடைக்கும் ‘மனூச் கற்கள்’ கோவாக் கல்லுக்கு மிக நெருங்கி வருகின்றன, இரண்டும் புகழுக்கு உரியவை என்று லாக்யர் சான்றிதழ் கொடுக்கிறார்.

கோவாவில் ஓர் இத்தாலியர், சென்னையில் ஓர் இத்தாலியர். நடுவில் இந்தச் சரக்கு.

எப்போது நின்றது?

1759இல் போர்ச்சுகீசிய அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. மருந்தகம் அவர்கள் கையைவிட்டுப் போனது. அதே 1759இல்தான் போர்ச்சுகீசிய ஆளுநர் பழைய கோவாவை விட்டுப் பஞ்சிமுக்குக் குடிபோனார். காரணம் நோய். காலராவும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்து பழைய கோவாவைக் காலியாக்கிவிட்டிருந்தன. எல்லா நோய்க்கும் மருந்து ஏற்றுமதி செய்த ஊர்!

எங்கே பார்க்கலாம்?

நியூயார்க், லண்டன் இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்கக் கட்டுப் போட்ட 16ஆம் நூற்றாண்டுப் பெசோவார்கள் இருக்கின்றன, மரகதம் பதித்தவைகூட. விமானச் செலவு இல்லாமல் பார்க்க, இந்த அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளே போதும். நியூயார்க் சிமிழைப் பெரிதாக்கிப் பாருங்கள், கட்டத்துக்கு ஒரு விலங்காகத் தேடிக்கொண்டே போகலாம்.

எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்துச் சிமிழ் ஒன்று இருக்கிறது. இதுவாக இருக்குமா?

பெரும்பாலும் குங்குமச் சிமிழாகவோ சுண்ணாம்புச் செப்பாகவோதான் இருக்கும். உள்ளே செந்தூள் ஒட்டியிருக்கிறதா, அடியில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கோவாக் கல்லின் சிமிழ் உருண்டைக்கு அளவெடுத்துச் செய்தது. இரண்டு பாதியும் குழிந்து, மூடினால் உள்ளே பந்துக்கு மட்டுமே இடம் இருக்கும். எதுவாக இருந்தாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், உருக்கி வளையலாக்கவும் வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குப் பார்சல் கட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், அவளை இங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.